தேங்காய்க்குத் தாங்காத தரை

"ஆன்டி, கார் போர்ச்சுக்கு எந்தத் தரை நல்லதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன். புதுசா வந்திருக்கிற பிள்ளைங்க ஒன்னும் தெரியாம முழிக்குதுங்க லா" என்று நிஷா போன வாரம் போன் செய்தாள். கிள்ளானில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டைல் கடையில் இப்போது விற்பனையைக் கவனிப்பவள் அவள். அங்கே எல்லாம் மாறிவிட்டதாம். வீட்டைப் படம் பிடித்து அனுப்பினால் போதும், திரையில் தரையை விதவிதமாக மாற்றிக் காட்டுகிறார்களாம். வாடிக்கையாளர் ஒரு தே தாரேக் குடித்து முடிப்பதற்குள் பிடித்த கலரைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறாராம்.

சரி, எழுதித் தொலைப்போம் என்று உட்கார்ந்தேன். கூழாங்கல் பதித்துக் கழுவிய தரை, கடையில் பெபல் வாஷ் என்போம், வழுக்காது, அடி தாங்கும். ஆனால் வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்குக் குத்தும், நிழலில் பாசி பிடிக்கும். அச்சுப் பதித்த சிமெண்டுத் தரை புதிதில் கொள்ளை அழகு, மேலே பூசுகிற பளபளப்பில் மழை விழுந்தால் சறுக்கும். இன்டர்லாக் கல்லில் ஒன்று உடைந்தால் அதை மட்டும் பிடுங்கி மாற்றலாம், ஆனால் இடுக்கெல்லாம் புல் முளைக்கும், எறும்பு மண் தள்ளும். தார் பெரிய பங்களாவுக்குச் சரி. வரிசை வீட்டு வாசலில் போட்டால் மத்தியான வெயிலில் செருப்போடு ஒட்டிக்கொண்டு கூடத்துக்கு வரும். டைல்தான் வேண்டுமென்றால் சொரசொரப்பாக, கனமாக வாங்குங்கள், தண்ணீர் வாசல் சாக்கடையான லோங்காங் பக்கம் ஓடும்படி சாய்வு வையுங்கள்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கூச்சமாக இருந்தது. எங்கள் கடையில் கல்லைக் காட்டுவதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு, அது இந்தப் பக்கத்தில் இல்லை. அது ஏன் என் கைக்கு வரவில்லை என்று எனக்குத் தெரியும். அதை எழுதினால் புவனா என்ற பெண்ணைப் பற்றி எழுதவேண்டும்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் வளர்ந்தவள். அப்பா ரயில்வேயில் இருந்தார். பதினேழு வயசில் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் கிள்ளானில் ஒரு டைல் கடையில் பில் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும் என்றார்கள், ரயிலேறிப் போனேன். தட்டச்சு செய்தவள் போன் எடுத்தேன், போன் எடுத்தவள் கல் பெயர்களைக் கற்றேன், சில வருஷத்தில் விற்பனைக்கு வந்துவிட்டேன். எனக்கு வாய் அதிகம். அதுதான் என் படிப்பு.

எங்கள் முதலாளி சீனர். எல்லோரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். மெலிந்த மனிதர். தொளதொளவென்று அரைக்கால் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. கடையின் பளிச்சென்ற விளக்குகளுக்குக் கீழே கல் விற்பது அவருக்குப் பிடிக்காது. "இந்த வெளிச்சத்துல எல்லா கல்லும் கல்யாணப் பொண்ணு" என்பார். வாடிக்கையாளர் ஒரு கல்லைக் காட்டினால் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போவார், வெயிலில் போடுவார், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார், கொஞ்சம் சவர்க்காரப் பொடி தூவுவார். "செருப்பைக் கழற்று, நட" என்பார். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்தாலும் நடக்க வைப்பார்.

வீட்டுக்கு அளவெடுக்கப் போனாலும் அப்படித்தான். டேப்பை எடுக்கமாட்டார். முதலில் பழைய தரையில் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். பிறகு குந்திக்கொண்டு கார் சாவியால் தரையைத் தட்டிக்கொண்டே நகருவார். டொக் டொக் என்றால் பேசாமல் போவார். டப் டப் என்று ஓட்டைச் சத்தம் வந்தால் நிமிர்ந்து, "கொசோங்" என்பார். கொசோங் என்றால் மலாயில் வெறுமை, ஒன்றும் இல்லை. சீனி போடாத தேநீருக்கும் நாம் கொசோங்தான் சொல்கிறோம். அடியில் கலவை நிரம்பாமல் காற்று நிற்கிற டைலுக்கும் அவர் அகராதியில் அதே வார்த்தை.

இதெல்லாம் முடிந்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பார். "இந்த வாசலில் என்னென்ன செய்வீர்கள்?" கார் நிறுத்துவோம் என்பார்கள். "அது தெரியும். வேறு?" சீனர் வீடென்றால் முன்னோர்களுக்குக் காகிதம் எரிப்பீர்களா, தகரம் வைத்தா தரையிலா என்று கேட்பார். மலாய்க்காரர் வீடென்றால் விருந்துக்குப் பெரிய சட்டியை எங்கே வைப்பீர்கள் என்பார். தமிழர் வீடென்றால் என்னைப் பார்த்து, "நீ கேள். அவங்க பாஷையில் கேட்டால்தான் உள்ளதைச் சொல்வாங்க" என்பார். ஒரு தரைக்கு அதன்மேல் நடக்கிற வாழ்க்கைதான் கணக்கு என்பது அவர் கட்சி. அவர் சொல்வதை நானும் மண்டையை ஆட்டிக் கேட்டுக்கொள்வேன், இதெல்லாம் வயசானவர் தொணதொணப்பு என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டு.

அந்தக் காலத்தில் என்னை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கால்சட்டை, உதட்டுச் சாயம், வாடிக்கையாளரிடம் ஆங்கிலம். கடையில் கூட வேலை பார்த்த சீனப் பெண்கள் நல்லவர்கள்தான், ஆனால் கேலி பேசுவார்கள். தைப்பூசம் முடிந்து வேலைக்கு வந்தால், "ரோடு பூரா தேங்காய் போட்டு உடைச்சீங்களாமே, என் கார் டயர் பஞ்சர் ஆகிருச்சு" என்று ஒருத்தி சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். "எங்க வீட்ல அதெல்லாம் இல்ல லா" என்பேன். எங்கள் வீட்டில் எல்லாம் உண்டு. ஒவ்வொரு புதுக் காருக்கும் அப்பா எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி, தேங்காயை ஓங்கி அடிப்பார். அதைப் பற்றிப் பேசவே எனக்கு நாக்கூசும். ஏன் கூசியது என்று இன்றைக்கு யோசித்தால் அதுதான் கூசுகிறது.

சிவகாமியம்மா வீட்டு வேலை அப்போதுதான் வந்தது. கிள்ளானிலேயே ஒரு தாமான் குடியிருப்பில் இரட்டை மாடி வரிசை வீடு. அவர் அரசாங்க மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், கணவர் இல்லை. ஒரே மகனுக்குக் கல்யாணம். பெண் புவனா, மகன் தானாகப் பார்த்துக்கொண்ட பெண். கல்யாணத்துக்கு முன் வாசலைப் பளிச்சென்று ஆக்கவேண்டும், நாளோ கிட்டத்தில் நிற்கிறது. பழைய டைல் மங்கிப் போயிருந்தது, ஆனால் கெட்டியாக இருந்தது.

தவுக்கே தண்ணீர் ஊற்றினார், குந்தினார், தட்டினார். டொக் டொக். எழுந்து என்னிடம் சொன்னார்: "ரெண்டு வழி இருக்கு. பழையதை உடைத்து எடுத்துவிட்டு, அடி முழுக்கக் கலவை போட்டு, கனமான கல் பதிக்கலாம். நாள் ஆகும், வீடு பூரா புழுதி. இல்லாவிட்டால் பழையது மேலேயே பசையைக் கட்டி கட்டியாக வைத்துப் புது டைலை ஒட்டலாம். கல்யாணத்துக்கு முன்னால் முடிந்துவிடும். ஆனால் கட்டிக்கு நடுவில் காற்று நிற்கும். கார் ஏறினால் ஒன்றும் ஆகாது, டயர் மெத்தென்று உட்காரும். கெட்டியான சாமான் ஓங்கி விழுந்தால்தான் பிரச்சினை. தேங்காய் உடைப்பாங்களா, கேள்."

சிவகாமியம்மா எங்களுக்கு சிராப் சர்பத் கலக்க உள்ளே போயிருந்தார். நான் இரண்டு அடி நடந்து சமையல்கட்டு ஜன்னலில் கேட்டிருக்கலாம். எங்களுடன் அன்றைக்கு வந்திருந்த பெண்களில் ஒருத்தி, அந்தப் பஞ்சர் ஜோக் சொன்னவள், பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் தோளைக் குலுக்கினேன். "இவங்க மாடர்ன் ஃபேமிலி தவுக்கே. மகன் என்ஜினியர். அதெல்லாம் செய்யமாட்டாங்க."

"நிச்சயமா?"

"எனக்குத் தெரியாதா? நான் இந்தியப் பொண்ணு இல்லையா?"

அவர் தலையை ஆட்டினார். கேள் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை, பதில் சொன்னேன். இத்தனை வருஷ வேலையில் நான் செய்த எத்தனையோ தப்புகளில் இதைவிடச் சின்னதாக ஒன்று இருக்குமா என்று தெரியவில்லை. அரை நிமிஷ வேலை அது.

டைல் ஒட்டி முடித்தபோது வாசல் கண்ணைப் பறித்தது. சிவகாமியம்மாவுக்கு வாயெல்லாம் பல். "மல்லிகா, நீயும் உங்க தவுக்கேயும் கல்யாணத்துக்குக் கட்டாயம் வரணும். பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கு வர்ற நேரத்துக்காவது வாங்க" என்று இரண்டு அழைப்பிதழ் கொடுத்தார். போனோம். தவுக்கே எனக்குத் தெரிந்து முதல் தடவையாக முழுக்கால் சட்டை போட்டிருந்தார்.

ரோட்டில் கூடாரம், நாற்காலிகள், நின்றுகொண்டிருக்கும் கார்கள். கல்யாணக் கார் கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. புவனா இறங்கினாள். சிவப்புப் புடவை, கழுத்தில் மாலை. வயசுக்கு ஒல்லியாக, சிரிப்பை அடக்கத் தெரியாமல் நின்றாள். ஆரத்தி எடுத்தார்கள். அப்புறம் மாப்பிள்ளையின் மாமா கையில் சூடம் எரியும் தேங்காயோடு வந்து இருவரையும் சுற்றினார்.

ரோட்டில் உடைப்பார், ரோட்டில்தான் உடைப்பார் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். ரோட்டில் எங்கே இடம்? ஆளும் நாற்காலியும் நிறைந்து கிடந்தது. மாமா கேட்டுக்கு உள்ளே ஒரு எட்டு வைத்து, வெற்றுத் தரை பார்த்து, கையை மேலே தூக்கி ஓங்கி அடித்தார்.

தேங்காய் உடையவில்லை. தரை உடைந்தது. டைல் நடுவில் விண்டு நாலாபக்கமும் கீறல் ஓடியது. தேங்காய் ஒரு துள்ளு துள்ளி உருண்டு போய் லோங்காங்கில் டுப்பென்று விழுந்தது. பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். பெரியவர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். சிவகாமியம்மாவின் தங்கை, மாப்பிள்ளைக்குச் சின்னம்மா, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எல்லார் காதிலும் விழும்படி, "ஐயையோ, என்ன இது! இவ காலடி எடுத்து வைக்கிறதுக்குள்ளேயே தரை பொளந்துருச்சே" என்றார்.

புவனாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அது எங்கே போவது என்று தெரியாமல் நின்றது போலிருந்தது. தூக்கின வலது காலை அவள் மெதுவாகக் கீழே வைத்தாள், கேட்டுக்கு வெளியிலேயே.

தவுக்கேக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன நடக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அந்த நல்ல கால்சட்டையோடு தரையில் மண்டியிட்டார். சாவியை எடுத்தார். உடைந்த டைலைத் தட்டினார், டப் டப். பக்கத்து டைலைத் தட்டினார், டப் டப். நிமிர்ந்து சின்னம்மாவைப் பார்த்து மலாயில் சொன்னார்: "கொசோங். அடியில் ஒன்றும் இல்லை. இது என் தப்பு, என் வேலை. பொண்ணு ஒன்றும் செய்யவில்லை. பொண்ணு நல்ல பொண்ணு." கைகளைக் கூப்பினார். நம்மவர்கள் கும்பிடுவதைப் பார்த்துப் பழகியிருப்பார் போல.

சின்னம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீ அந்தக் கடைக்காரிதானே? என்னம்மா சொல்றான் சீனன்?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். புவனாவும் திரும்பினாள். நான் சொல்லவேண்டியது நாலு வார்த்தை. அடியில காத்து நின்னுச்சு, அதான் உடைஞ்சுச்சு, சகுனம் ஒன்னும் இல்ல. சொன்னால் அடுத்த கேள்வி வரும்: தமிழ் வீட்டுக்கு இப்படி ஏன் போட்டீங்க? அதற்கு நான் என்ன சொல்வது? தேங்காய் உடைக்கிற ஜனம் நாம் என்று சொல்ல வெட்கப்பட்டேன் என்றா? அத்தனை தமிழர்களுக்கு நடுவில், கால்சட்டை போட்டுக்கொண்டு நின்று?

"மன்னிச்சுக்கச் சொல்றாரு. மாத்திக் குடுத்துடுவாராம்" என்றேன். பாதியைச் சொன்னேன். பெண்ணைப் பற்றி அவர் சொன்னது என் வாய்க்குள்ளேயே கிடந்தது.

"மாத்திக் குடுத்தா ஆச்சா?" என்று சின்னம்மா முணுமுணுத்தார். யாரோ நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு வேறொரு தேங்காயைக் கொண்டுவந்து ரோட்டுத் தாரில் உடைத்தார்கள், அது அழகாக இரண்டாகப் பிளந்தது. நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது. புவனா உடைந்த கல்லைச் சுற்றி ஒதுங்கி உள்ளே போனாள்.

திரும்பும்போது லோரியிலேயே தவுக்கேயிடம் திட்டு விழும் என்று காத்திருந்தேன், மறுநாளும் விழவில்லை. ஒரு வார்த்தை, "உடைக்கமாட்டாங்கன்னு நீதானே சொன்னாய்", அவ்வளவுதான். அதையும் கல்லைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். உடைந்த டைலை இரண்டே நாளில் மாற்றிக் கொடுத்தார். அதே கல்தான், ஆனால் வேறு சூளைச் சரக்கு, நிறம் ஒரு பிடி கூட இருந்தது. கேட்டைத் திறந்ததும் அந்த ஒரு கல் மட்டும் தனியாகத் தெரியும்.

அதற்குப் பிறகு தமிழர் வீட்டுக்கு அளவெடுக்கப் போனால் தவுக்கே என்னைக் கேட்கச் சொல்வதில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே வீட்டுக்காரரிடம் அவரே மலாயில் கேட்பார்: "தேங்காய் உடைப்பீங்களா, எந்த இடத்தில்?" உடைப்போம் என்றால் அந்த இடத்தில் டைல் வேண்டாம், கனமான கருங்கல் பலகை ஒன்று பதித்துத் தருகிறேன் என்பார். எல்லோருக்கும் சந்தோஷம். "தவுக்கே நம்ம வழக்கமெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்காரே" என்று என்னிடம் மெச்சுவார்கள். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். அவர் கடையை மகனிடம் விட்டுவிட்டுப் போகும்வரை அந்தக் கேள்வியை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. வேண்டுமென்று செய்தாரா, பழக்கமாகிவிட்டதா, கேட்க எனக்குத் துணிவில்லை.

ஓய்வுக்குச் சில மாதங்கள் முன்பு, மதியச் சாப்பாட்டு நேரம், ஒரு பெண்மணி கடைக்குள் வந்தாள். நாற்பதை ஒட்டிய வயசு, ஆசிரியை மாதிரி கையில் பெரிய பை. "மல்லிகா அக்கா தானே? நான் புவனா. சிவகாமியம்மா மருமக." வாசல் தரை முழுக்க மாற்றவேண்டுமாம். மாமியாருக்கு முட்டி வலி, வாக்கிங் ஸ்டிக் வைத்து நடக்கிறார், வழுக்காத தரை வேண்டும். மாமியார் காரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

பெபல் வாஷ் மாதிரியை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை விரலால் தடவிக்கொண்டே, "பழைய தரை நல்லாத்தான் இருக்கு அக்கா. அந்த ஒரு கல்லுதான். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப் போச்சு" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். முதல் குழந்தை தங்காதபோது சின்னம்மா அந்தக் கல்லைக் காட்டினாராம். கணவனுக்கு வேலை போனபோதும் அந்தக் கல்தான். இப்போது சின்னம்மா இல்லை, கல் இருக்கிறது.

"புவனா, அது கொசோங்மா. அடியில காத்து. நீங்க தேங்காய் உடைக்கமாட்டீங்கன்னு தவுக்கேகிட்ட சொன்னது நான்தான். கேட்காமலே சொன்னேன். அன்னைக்கு உன்மேல தப்பு இல்லன்னு அவர் சொன்னாரு, அதை நான் தமிழ்ல சொல்லல."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே காருக்குப் போனேன். சிவகாமியம்மா கண்ணாடியை இறக்கினார். அவரிடமும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. இத்தனை வயசில் கடைவாசலில் நின்று அழுதேன்.

சிவகாமியம்மா காரின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியும் மல்லிகா" என்றார். "சீனன் சொன்னது அன்னைக்கே புரிஞ்சுது. கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவளுக்கு மலாய் தெரியாதா? கொசோங்னு தட்டிக் காட்டினாரே. என் தங்கச்சி பேசினப்ப நான்தான் வாயைத் தொறக்கல. மகன் தானா புடிச்சுக்கிட்டு வந்த பொண்ணு, அப்ப எனக்கு இவளைப் புடிக்கல. கொஞ்சம் அடங்கி இருக்கட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் எப்படி எடுத்துச் சொல்றதுன்னு தெரியாமயே போச்சு."

அவர் கை புடவை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தது. தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்திருக்கிறோம். இரண்டு பேரும் ஆளுக்கொரு வெட்கத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

புவனா சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்தப் பெபல் வாஷ் மாதிரியைக் காரின் மேல் வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னாள்:

"செராஸ்ல என் தம்பி வீடு குடி போனப்ப நான் கேட்டுக்கு வெளியவே நின்னேன் அக்கா. எல்லாரும் உள்ள போன பிறகுதான் போனேன். யாரும் என்னை நிக்கச் சொல்லல. என் காலடி ஆகாதுன்னு நானேதான் நம்பிட்டேன்."